ஃபிரிட்ஜில் இருந்த இன்னொரு குப்பி

தட்டம்மைத் தடுப்பூசி தயார் நிலையில் வருவதில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில், உறைய வைத்து உலர்த்திய பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே இன்னொரு குப்பியில் சுத்தமான தண்ணீர் வரும். போடுவதற்குச் சற்று முன்பு அந்தத் தண்ணீரை இழுத்து, பொடியில் விட்டு, கரைத்து, அப்புறம்தான் குழந்தைக்கு. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று சொல்வோமே, அந்த அளவுக்குச் செவிலியர்களுக்குக் கை பழகிய வேலை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

2018 ஜூலை 6. பசிபிக் கடலில் இருக்கும் சமோவா நாட்டின் சவாயி தீவில், சஃபோட்டு என்ற ஊரின் மருத்துவமனையில், ஏறக்குறைய ஒரு வயதான இரண்டு குழந்தைகளுக்கு எம்.எம்.ஆர். தடுப்பூசி போடப்பட்டது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. இரண்டு குழந்தைகளும் அன்றே இறந்துபோயின.

பொடியில் கலக்கப்பட்டது தண்ணீர் இல்லை, அட்ராகூரியம். அறுவை சிகிச்சையின்போது உடம்பின் தசைகளைத் தளர்த்துவதற்குக் கொடுக்கிற மருந்து அது. மூச்சு விடும் தசைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும் என்பதால் செயற்கை சுவாசக் கருவி பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே மாட்டார்கள். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து என்பதால் ஃபிரிட்ஜில் இருக்கும். தடுப்பூசியும் ஃபிரிட்ஜில்தான் இருக்கும். காலாவதியான ஒரு சிறு குப்பி, அவசரத்தில் நீளும் ஒரு கை. அவ்வளவுதான் நடந்தது.

இதற்கு நான்கு வருடம் முன்பு, 2014 செப்டம்பரில், சிரியாவின் இத்லிப் பகுதியில் இதே மருந்து, இதே மாதிரி மாறிப்போய், 15 குழந்தைகள் இறந்திருந்தார்கள். உலகம் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம்தான். தடுப்பூசி ஃபிரிட்ஜில் வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எழுதியாயிற்று. ஆனால் ஒரு தீவின் சின்ன மருத்துவமனைக்கு எத்தனை ஃபிரிட்ஜ் இருக்கும்?

தடுப்பூசித் தயக்கம் என்றவுடன் நாம் பேசுவது வாட்ஸ்அப் வதந்தி, படிப்பறிவின்மை, மூடநம்பிக்கை. சமோவாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அந்த விளக்கம் அங்கே நொண்டுகிறது என்பதுதான். அந்தத் தாய்மார்களின் பயத்துக்குக் கண்முன் நடந்த காரணம் இருந்தது. ஊசி போட்டார்கள், குழந்தை இறந்தது. இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. "ஊசியில் கோளாறு இல்லை, கலக்கியதில்தான் கோளாறு" என்று பிரித்துச் சொல்லும் வாக்கியம் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது.

அரசு எம்.எம்.ஆர். போடுவதையே நிறுத்தி வைத்தது. விசாரணை நடக்கும்போது நிறுத்துவது நியாயம்தான். ஆனால் அது சுமார் பத்து மாதம் நீண்டது. சந்தேகப்படுகிற தாய்க்கு இந்தப் பத்து மாதம் என்ன சொல்லியிருக்கும்? "அரசாங்கமே நிறுத்திவிட்டது, அப்படியானால் அதில் ஏதோ இருக்கிறது." யாரும் வதந்தி கிளப்பத் தேவையே இல்லை. அந்த ஊசிகளைக் கையாண்ட இரண்டு செவிலியர்களும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2019 ஆகஸ்டில் ஆளுக்கு ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார்கள். நடந்தது மனிதத் தவறு என்பது ஊருக்கெல்லாம் அழுத்தமாகத் தெரியவந்தபோது ஒரு வருடம் ஓடிப்போயிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு மரணங்களுக்கு முன்பே சமோவாவின் தடுப்பூசிக் கணக்கு சரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லாப் பழியையும் ஒரே நாளின் மேல் போடுவது வசதியான கதை. ஏற்கெனவே இறக்கத்தில் ஓடிய வண்டியின் பிரேக்கும் 2018இல் போனது என்பதுதான் சரி. அந்த வருடம் தட்டம்மைக்கான முதல் தவணை கிடைத்த குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தட்டம்மை பரவாமல் நிற்க வேண்டுமானால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது பாதுகாப்பு வேண்டும்.

சமோவாவின் ஊர் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இது எவ்வளவு பெரிய முறிவு என்று புரியும். மொத்த நாடே சுமார் இரண்டு லட்சம் பேர், நம் ஊரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு. 'ஐகா' என்ற கூட்டுக் குடும்பம், அதற்கு 'மதாய்' என்ற தலைவர், தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் 'ஃபோனோ' என்ற ஊர்ச்சபை. இவற்றோடு ஆரோக்கியத்தைக் கவனிப்பதற்கென்றே ஊருக்கு ஊர் பெண்கள் குழுக்கள். 1920களிலிருந்து இருப்பவை. மாவட்டச் செவிலியர் வரும் நாளில் இந்தப் பெண்கள்தான் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைப்பார்கள், எடை பார்க்க உதவுவார்கள், வீடு வீடாகப் போய்ச் சுத்தத்தைப் பார்ப்பார்கள். செவிலியர் அங்கே வெள்ளை உடுப்புப் போட்ட வெளியாள் இல்லை. பாய் விரித்து, சாப்பாடு போட்டு உபசரிக்கும் விருந்தாளி. யாருக்காவது தங்கை, யாருக்காவது மருமகள்.

அவ்வளவு சின்ன நாட்டில் இறந்த குழந்தையின் குடும்பத்தையும் ஊருக்குத் தெரியும், சிறைக்குப் போன செவிலியரின் குடும்பத்தையும் ஊருக்குத் தெரியும். தடுப்பூசியை நம்புகிறாயா என்று கேட்டால், ஆராய்ச்சிக் கட்டுரை படித்துவிட்டா நாம் பதில் சொல்கிறோம்? போடுகிற கையை நம்புகிறோம், அவ்வளவுதான். சமோவாவில் முறிந்தது அந்தக் கை.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் சிலருக்கு இதைப் படிக்கும்போது பழைய ஞாபகம் வரக்கூடும். 2008 ஏப்ரலில் அங்கே தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சிறிது நேரத்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பிறகு தமிழ்நாட்டில் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் ஊசி போடுவதைக் குறைத்து, மருத்துவர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, தப்புச் சொல்ல முடியாது. ஆனால் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏற வேண்டியவள் தாய்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் முழுதாகப் போட்டுக்கொண்ட குழந்தைகள் 2005-06இல் சுமார் 81 சதவீதம். 2015-16இல் சுமார் 70. நாட்டுக்கே வழிகாட்டி என்று பெயர் வாங்கிய மாநிலம்! திருவள்ளூர்தான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நடக்கும் தூரத்தில் இருந்த ஊசி பஸ் தூரத்துக்குப் போனதற்கும் அதில் பங்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன். அடுத்த கணக்கெடுப்பில் 89க்கு ஏறிவிட்டது. நமக்கு அதிர்ஷ்டம், நடுவில் பெரிய கொள்ளைநோயாகத் தட்டம்மை வரவில்லை. சமோவாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வைரஸ் வந்தது உறவின் வழியாக. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் சமோவா மக்கள் ஏராளம். சமோவாவின் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஆக்லாந்தில் ஒரு கிளை இருக்கும். கல்யாணம், சாவு, தேவாலய விழா என்று வருவதும் போவதுமாக இருப்பார்கள். 2019இல் ஆக்லாந்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நியூசிலாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. ஆகஸ்ட் கடைசியில், செவிலியர்களுக்குத் தண்டனை அறிவித்துச் சில வாரங்களே ஆன நிலையில், அது சமோவாவுக்கு வந்திறங்கியது.

அக்டோபர் 16இல் தொற்று பரவியிருப்பதை அரசு அறிவித்தது. நவம்பர் 15இல் அவசரநிலை. பள்ளிகள் மூடப்பட்டன, பொது இடங்களில் குழந்தைகளுக்குத் தடை. 2020 ஜனவரி தொடக்கத்துக்குள் 5,700 பேருக்கு மேல் நோய். மரணம் 83. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளை இழந்த பெற்றோரும் உண்டு. ஆக்லாந்திலிருந்து குழந்தை அளவுச் சவப்பெட்டிகள் வந்தன. யாரோ முகம் தெரியாதவர்கள் அவற்றுக்கு அலங்காரம் செய்து அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்து டோங்காவுக்கும் அதே நேரத்தில் தட்டம்மை வந்தது. நூற்றுக்கணக்கானோருக்கு நோய், ஒரு மரணமும் இல்லை. அதே கடல், அதே சாப்பாடு, அதே மாதிரி குடும்பங்கள். அங்கே கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்டிருந்தது. வேறு விளக்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதற்கிடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கசப்பான பகுதி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் சிவந்ததும் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நாட்டு வைத்தியரிடம் போனார்கள். குழந்தை இறந்தது ஆஸ்பத்திரியில்தானே, வைத்தியர் கையில் இல்லையே. காரத்தன்மை ஏற்றிய தண்ணீரை (ஆல்கலைன் வாட்டர்) தெளித்துக் குணமாக்குவதாகச் சொன்ன இடத்தில் பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். பப்பாளி இலைச் சாறு, வைட்டமின் மாத்திரை என்று முகநூலில் ஆலோசனைகள் குவிந்தன. இதில் வைட்டமின் ஏ பற்றிச் சொன்னது முழுப் பொய் இல்லை. தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. கண்பார்வையையும் உயிரையும் காப்பாற்ற அது உதவும், நோய் வராமல் தடுக்காது. பாதி உண்மை இருக்கிற இடத்தில்தான் மீதிப் பொய் நன்றாகக் குடியேறும். மூச்சுத் திணறல் முற்றிய பிறகு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தாமதமாக வந்தால் ஆஸ்பத்திரியில் மரணம் நடக்கும், அதைப் பார்த்து இன்னொரு தாய் ஆஸ்பத்திரியைத் தவிர்ப்பாள்.

அமெரிக்காவில் தடுப்பூசிகளுக்கு எதிராக வருடக்கணக்கில் பேசிவந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அந்த ஜூன் மாதம்தான் சமோவாவுக்கு வந்துபோயிருந்தார். குழந்தைகள் இறந்துகொண்டிருந்த நவம்பரில் சமோவாவின் பிரதமர் துயிலாஎபாவுக்குக் கடிதம் எழுதி, தடுப்பூசியின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பினார். 2025இல் அவர் அமெரிக்காவின் சுகாதாரத் துறைக்கே தலைமையேற்றார், சமோவா அப்போது அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று. உள்ளூரிலும் ஒரு பிரசாரகரைக் கைது செய்தார்கள், வழக்கு பின்னால் நிற்கவில்லை. இவர்களால்தான் எல்லாம் கெட்டது என்று முடித்துவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. இவர்கள் வந்தபோது வீடு ஏற்கெனவே திறந்து கிடந்தது. பத்து மாதம் பதில் சொல்ல ஆளில்லாத கேள்விக்கு இவர்கள் பதில் சொன்னார்கள். தப்பான பதில், ஆனால் பதில்.

டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு நாட்டையே நிறுத்தியது. அலுவலகம், கடை, வண்டி எதுவும் கிடையாது. தலைநகர் அப்பியாவின் தெருக்கள் வெறிச்சோடின. வீட்டில் ஊசி போடாதவர் யாராவது இருந்தால் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று உத்தரவு. ஊசிக் குழுக்கள் தெருத்தெருவாக வண்டியில் வந்து, சிவப்பைப் பார்த்து நிறுத்தி, உள்ளே போய் ஊசி போட்டன. சட்டைக் கிழிசல், லாவாலாவா என்ற இடுப்புத் துணியின் துண்டு என்று கையில் கிடைத்த சிவப்பையெல்லாம் மரத்திலும் வேலியிலும் கட்டியிருந்தார்கள்.

இந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு நம் வீட்டு வாசலின் வேப்பிலைக் கொத்துதான் ஞாபகம் வந்தது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகியிருந்தால் பக்கத்து வீட்டார் உள்ளே வர மாட்டார்கள், சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்று மரியாதையாக ஒதுங்குவார்கள். அங்கே வேப்பிலை சொல்வது, இங்கே நோய் இருக்கிறது, விலகி நில் என்று. சிவப்புத் துணி சொன்னது வேறு: இங்கே நோய் இன்னும் வரவில்லை, ஆனால் இந்த வீட்டார் போடவில்லை, வா. உதவி கேட்கும் கொடி என்றுதான் அரசு சொன்னது. ஆனால் எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஊரில், எதிர் வீட்டில் குழந்தை இறந்து ஒரு வாரம் ஆகாத நிலையில், வாசலில் தொங்கும் அந்தத் துணி வெறும் உதவிக் கொடியாகவா தெரிந்திருக்கும்?

வேலை நடந்தது, அதை மறுக்க முடியாது. ஆறு மாதக் குழந்தை முதல் அறுபது வயது வரை போட்டார்கள். சில வாரங்களில் 95 சதவீதத்தை எட்டினார்கள். டிசம்பர் கடைசியில் அவசரநிலையை நீக்கினார்கள். பொதுச் சுகாதாரப் பாடப்புத்தகத்தில் இது வெற்றிக் கதையாகவே இடம்பெறலாம். சட்டத்தால் ஒரு தோளில் ஊசியை ஏற்றிவிட முடியும் என்பதற்கு நிரூபணம் கிடைத்தது. அந்தத் தோளுக்குரியவளுக்கும் ஊசி பிடித்தவளுக்கும் நடுவில் விழுந்த விரிசலுக்கு உத்தரவு போட முடியாது.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் பெரிய முகாம் தொடங்கியது. கூடவே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளும் கிளம்பின. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பிய நாட்கள் அவை. கெடுவை மார்ச் வரை நீட்ட வேண்டியிருந்தது. எங்கள் அக்கா தன் இரண்டு பிள்ளைகளுக்கும் போடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். நான் கட்டுரைகளாக அனுப்பினேன். மாமாவும் இருந்த குடும்பக் குழுவில், கொஞ்சம் கேலியாகவே ஒரு பதிவும் போட்டேன். அக்கா போனில் சொன்னாள்: "நீ படிச்சவன், பேசுவ. படுத்துக் கிடந்தா ராத்திரி முழிச்சிருக்கப் போறது நான்தான்டா." மாமா அந்தச் சித்திரை முடியும் வரை என்னோடு பேசவில்லை.

அவளை மாற்றியது நான் அனுப்பிய எதுவும் இல்லை. அவள் பிரசவத்திலிருந்து வீட்டுக்கு வந்துபோகும் நர்சம்மா ஒருநாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தாராம். வதந்தியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "காய்ச்சல் வரும் அக்கா, கை கொஞ்சம் வலிக்கும். ராத்திரி எத்தனை மணினாலும் போன் பண்ணுங்க, நான் எடுப்பேன்" என்று மட்டும் சொன்னாராம். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். அவர் எடுத்தார்.

சஃபோட்டுவில் அந்த ஜூலையில் இரண்டு வீட்டுக்காரர்களும் நம்பியது இப்படி ஒருவரைத்தான். அதனால்தான் அவர்கள் ஏமாளிகள் என்றோ, பிறகு பயந்த மற்றவர்கள் மூடர்கள் என்றோ எனக்கு எழுத வரவில்லை. அந்த நவம்பரில் வெளிநாட்டு ஊடகங்களின் தொனி பெரும்பாலும் பெற்றோரைக் குறை சொல்வதாகவே இருந்தது. பெற்றோரும் தங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டார்கள். ஊசி போடாமல் விட்டவள் ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லியும் பெரியவர்களை மீற முடியாதவள் இன்னொரு பக்கம். கூட்டுக் குடும்பத்தில் முடிவு எடுப்பவர் ஒருவர், துக்கத்தைச் சுமப்பவர் வேறொருவர். நமக்கும் அது தெரியாத கதை இல்லை.

சமோவாவுக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. 1918 நவம்பரில் 'தலூன்' என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து இன்ஃப்ளூயன்சாவைக் கொண்டுவந்தது. அப்போது ஆட்சியில் இருந்த நியூசிலாந்து நிர்வாகம் கப்பலைத் தடுக்கவில்லை. மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் செத்துப்போனார்கள். பக்கத்திலேயே அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்து வைத்தது, அங்கே ஒருவரும் சாகவில்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவுக்கு வந்து, காலனி ஆட்சிக்காலத் தவறுகளுக்காக மன்னிப்புக் கேட்டார். எண்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நோயையும் அதிகாரத்தையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே ஒரு முகநூல் பதிவால் முளைத்தது இல்லை.

கொரோனா வந்தபோது சமோவா தன் எல்லையை ஆரம்பத்திலேயே இறுக்கி மூடியது. 2021 செப்டம்பர் கடைசியில் மறுபடி இரண்டு நாள் நாட்டை நிறுத்தி, வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட்டார்கள். இந்த முறை ஊரில் நோய் பரவுவதற்கு முன்பே. செவிலியர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, விரித்த பாயில் உட்கார்ந்து, குப்பியின் மேல் இருக்கும் எழுத்தை வீட்டுக்காரர் பார்க்கும்படி திருப்பிக் காட்டியிருப்பார்களா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.